தலைவர்கள் டிவியில் நேருக்கு நேர் விவாதித்தால் ஓட்டு மாறுமா? இந்தியாவிலும் இது வர வேண்டுமா?

மனசு மாறும். ஆனால் மாறிய மனசு எம்.பி. சீட்டாக மாறுமா என்பது வேறு கணக்கு. பிரிட்டனில் இது முதன்முதலாக நடந்தபோது நான் அங்கே இருந்தேன், அதை வைத்தே சொல்கிறேன்.

2010. லண்டன் ஈஸ்ட் ஹாமில் படிக்கப் போன பையன்கள் சிலர் ஒரே வீட்டில் இருந்தோம். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் அங்கே வசித்தால் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போடலாம். இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்திருந்தோம். ஏப்ரல் 15 இரவு ஐடிவியில் விவாதம். லேபர் கட்சிப் பிரதமர் கார்டன் பிரவுன், கன்சர்வேட்டிவ் கட்சியின் டேவிட் கேமரூன், மூன்றாவதாக லிபரல் டெமாக்ராட் கட்சியின் நிக் கிளெக். கட்சிகளும் சேனல்களும் பேசிப் பேசி 76 விதிகள் போட்டிருந்தார்கள். நடுவில் யாரும் கைதட்டக்கூடக் கூடாது! நம்ம ஊர் டிவி விவாதத்தில் வளர்ந்த எங்களுக்கு அந்த அமைதியே பெரிய அதிசயம்.

மற்ற இரண்டு பேரும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, கிளெக் நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசினார். கேள்வி கேட்டவர்களின் பெயரை நினைவு வைத்துச் சொன்னார். பிரவுன் வேறு, "நிக் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அவரை ஏற்றிவிட்டார். விவாதம் முடிந்ததும் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் எடுத்த கணிப்பில் 51 சதவீதம் பேர் கிளெக்தான் ஜெயித்தார் என்றார்கள். சில நாளில் சில கருத்துக்கணிப்புகளில் அவர் கட்சி முதலிடத்துக்கே வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் கிளெக் அலைதான். ஒருத்தன் மட்டும் கேட்டான்: "சரிடா, நம்ம தொகுதியில அந்தக் கட்சி கேண்டிடேட் யாரு?" ஒருத்தருக்கும் தெரியவில்லை.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. அங்கேயும் நம்மைப் போலத்தான்: பிரதமருக்கு யாரும் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை, தொகுதி எம்.பி.க்குத்தான் போடுகிறோம். ஈஸ்ட் ஹாமில் லேபர் கட்சியின் ஸ்டீபன் டிம்ஸ் 27,826 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் நாட்டிலேயே பெரிய வித்தியாசம் அதுதான். நாடு முழுக்க லிபரல் டெமாக்ராட் ஓட்டு 22 சதவீதத்திலிருந்து 23 ஆனது. சீட்டு 62-லிருந்து 57 ஆகக் குறைந்தது. இத்தனை ஆரவாரத்துக்குப் பிறகு!

யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் கேமரூன் கட்சியோடு கூட்டணி அமைந்து கிளெக் துணைப் பிரதமர் ஆனார். கல்விக் கட்டணத்தை ஏற்ற விடமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்த கட்சி, அதை 9,000 பவுண்டு வரை ஏற்றிய அரசில் உட்கார்ந்திருந்தது. (எங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் முன்பிருந்தே கொள்ளை கொள்ளையாய்க் கட்டிக்கொண்டிருந்தோம், எங்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.) டிவியில் பார்த்துப் பழகிய முகம் என்பதால் கோபம் மொத்தமும் அவர் மேல்தான் விழுந்தது என்று நினைக்கிறேன். 2015-இல் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது 8 சீட்டு.

விவாதத்தால் பிரயோஜனமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மேடையில் பேசுவதைவிட, யார் வருகிறார், யார் நழுவுகிறார், என்ன நிபந்தனை போடுகிறார் என்பதைத்தான் நான் இப்போது கவனிக்கிறேன். எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது விவாதம் வேண்டும் என்று கேட்டவர் கேமரூன். பிரதமரான பிறகு, 2015-இல் லேபர் தலைவர் எட் மிலிபாண்டுடன் தனியாக நிற்க மறுத்துவிட்டு, ஏழு பேர் நின்ற ஒரே ஒரு விவாதத்துக்கு மட்டும் வந்தார். கூட்டத்தோடு கூட்டமாக நின்றால் அடி குறைவு. 2017-இல் பிரதமர் தெரசா மே, தான் வராமல் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட்டை அனுப்பினார். ரட்டின் அப்பா இறந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. 2019-இல் பருவநிலை விவாதத்துக்கு போரிஸ் ஜான்சன் வராததால் சேனல் 4 அவர் இடத்தில் ஒரு பனிக்கட்டிச் சிற்பத்தை உருக வைத்தது. அவர் கட்சி அந்தத் தேர்தலில் அமோகமாக ஜெயித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவுக்கு வருகிறேன். 2024 மே மாதம் முன்னாள் நீதிபதிகள் மதன் லோக்கூர், ஏ.பி. ஷா, பத்திரிகையாளர் என். ராம் மூவரும் மோடியையும் ராகுலையும் பொது விவாதத்துக்கு அழைத்தார்கள். ராகுல் சம்மதித்தார், விவாதம் நடக்கவில்லை. நடந்திருந்தாலும் எனக்கு ஒரு சிக்கல் உண்டு. 2010-இல் பிபிசி விவாதத்தில் இடம் கேட்டு ஸ்காட்லாந்தில் மட்டும் போட்டியிடும் எஸ்என்பி கட்சி எடின்பரோ நீதிமன்றத்துக்கே போய்த் தோற்றது. இங்கே மோடியும் ராகுலும் மட்டும் நின்றால், என் தொகுதியில் மோதிக்கொள்ளும் திமுகவும் அதிமுகவும் எங்கே போய் நிற்கும்? எல்லோரையும் கூப்பிட்டால் ஆளுக்கு நாலு நிமிடம்கூடத் தேறாது. அதனால் வேண்டும் என்பதே என் பதில், ஆனால் டெல்லியில் அல்ல, சட்டமன்றத் தேர்தலில் முதல்வர் வேட்பாளர்களை வைத்துத் தொடங்கலாம். நாலைந்து மைக் போதும்.