ஓரத்துல வர்ற வட்டம்

கேள்வி: 2020ல மூடுன அகஸ்தியா தியேட்டர்ல நானும் என் தோஸ்த்தும் பழைய சிவாஜி படம்னா ஆஜராயிடுவோம். திரையில வலது பக்கம் மேல ஓரத்துல ஒரு வட்டம் பளிச்சுனு வந்து போவும். பிரிண்ட்ல ஓட்டைன்றான் அவன். அப்டியா சார்?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தோஸ்த்து சொல்றது பாதி கரெக்ட். சில பிரிண்ட்ல நிஜமாவே சுரண்டியோ ஓட்டை போட்டோ வச்சிருப்பாங்க, ஆனா அது டேமேஜ் இல்லீங்க, ஆபரேட்டருக்கு சிக்னல். 1000 அடி ரீலு 11 நிமிஷம்தான் ஓடும், ரெண்டை ஒட்டினாலும் 22, அதனால ரெண்டு புரொஜக்டர் வச்சு மாத்தி மாத்தி ஓட்டணும், முதல் வட்டம் வந்தா அடுத்த மெஷின் மோட்டாரைப் போடணும், ஒரு 7 செகண்ட் கழிச்சு இன்னொரு வட்டம், அப்ப டக்குனு மாத்தணும். கொஞ்சம் அசந்தா திரை வெள்ளையாயிடும், அப்புறம் விசில்தான் (நம்ம ஏரியா விசில் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா!).

டிஜிட்டல்ல ரீலே கிடையாது, வட்டத்துக்கும் வேலை இல்ல. 1964ல வந்த 'கர்ணன்' 2012ல டிஜிட்டலா திரும்ப வந்துச்சே, அந்த மாதிரி சுத்தம் பண்றப்ப இதையும் துடைச்சிடலாம். துடைக்காத பழைய காப்பி டிவில ஓடுனா கவனிங்க, இப்பவும் வரும். அவனையும் கூப்ட்டு உக்கார வச்சு காட்டுங்க.