ட்ரிப் சுவிட்ச் சும்மா விழுதா? குசினிச் சாமான்கள் பற்றிக் கேட்டவங்களுக்குப் பதில்

மாரி மழை தொடங்கினா எனக்கு வாற கேள்வியில பாதி ட்ரிப் சுவிட்ச் பற்றினதுதான். பதில் சொல்ல முதல் ஒண்டு. மெயின் போர்ட்ட வெளிக் கதவை மட்டும் திறந்து, எது கீழ விழுந்து கிடக்குது எண்டு பாருங்க. ஒடுங்கின பிரேக்கர் விழுந்திருந்தா லோட் கூடியிருக்கு, இல்லாட்டி ஷோர்ட். டெஸ்ட் பொத்தான் உள்ள அகலமான சுவிட்ச், அதாவது ட்ரிப் சுவிட்ச், விழுந்திருந்தா எங்கயோ கரண்ட் கசியுது. லோட் கூடினதுக்காக அது விழாது. இந்த ரெண்டையும் குழப்பிக்கொண்டு வாற ஆக்கள்தான் கூட.

கல்லடி: அண்ணன், எங்கட ரைஸ் குக்கரைப் போட்ட உடன ட்ரிப் விழுது. பக்கத்து வீட்டில போட்டா சோறு அழகா வேகுது. அப்ப எங்கட ட்ரிப் சுவிட்ச்தானே பழுது?

இல்ல தங்கச்சி. பெரும்பாலும் குக்கர்தான் பழுது, பக்கத்து வீடு அதை மறைச்சு வைக்குது. ட்ரிப் சுவிட்ச் பார்க்கிறது ஒரு கணக்கு மட்டும்: லைனில போன கரண்ட் முழுக்க நியூட்ரலால திரும்பி வருதா? 30 மில்லி அம்பியர் குறைஞ்சா அது கட்டாயம் விழ வேணும். 15க்குக் கீழ எண்டா விழக்கூடாது. இடையில எங்க விழுந்தாலும் சரிதான்.

பக்கத்து வீட்டில ட்ரிப் சுவிட்சே இல்லாம இருக்கலாம். இல்லாட்டி எர்த் வயர் அறுந்திருக்கும், ரெண்டு முள் அடாப்டரில குத்தியிருப்பாங்க. எர்த்துக்குப் போக வழியில்லாட்டி சுவிட்ச் விழாது, கசிவு குக்கர்ட உடம்பில நிக்கும். ஈரத் தரையில வெறுங்காலோட நிண்டு அந்தக் குக்கரைத் தொடுற ஆள்தான் அப்ப எர்த். இண்டைக்கே அவங்களுக்குச் சொல்லிவிடுங்க.

குக்கரைக் கழட்டுறவர் முதல்ல அடித்தட்டுக்குக் கீழ பார்க்கட்டும். கஞ்சி பொங்கி உள்ள வடிஞ்சு, உப்போட காய்ஞ்சு கிடக்கும். உள்சட்டியைக் கழுவி ஈரம் துடைக்காம வைக்கிற வீடுகளில இதுதான் வழமையான கதை.

களுவாஞ்சிக்குடி: தம்பி, கேக் அடிக்கிற ஓவனை ஒரு வருஷமா எடுக்கல்ல. நத்தாருக்கு எடுத்துப் போட்டா ஒரு நிமிஷத்தில ட்ரிப். போன வருஷம் நல்லா இருந்ததே?

ஓவனைச் சூடாக்கிற எலிமென்ட் குழாய்க்குள்ள கம்பியைச் சுத்தி மக்னீசியம் ஒக்சைட் தூள் இறுக்கி நிரப்பியிருக்கும். அந்தத் தூள் ஈரத்தை இழுக்கும். நம்மட ஊரில நவம்பர், டிசம்பர், ஜனவரியில காத்து முழுக்கத் தண்ணி. குழாய் முனையில சீல் லேசா விட்டிருந்தாக் காணும். வெயில் நாள் ரெண்டு மூண்டு காய வைச்சுப் போட்டுப் பாருங்க அக்கா, சிலது திரும்பி வரும். வராட்டி 500 வோல்ட் மெகர் (கசிவுத் தடை அளக்கிற மீற்றர்) வைச்சு எலிமென்டுக்கும் உடம்புக்கும் இடையில பார்க்கச் சொல்லுங்க. 1 மெகா ஓமுக்குக் கீழ காட்டினா எலிமென்டை மாத்துறதுதான். எர்த்தைக் கழட்டிப்போட்டு ஓட வைச்சுக் காய வைக்கலாம் எண்டு யாரும் சொன்னா அவரை வீட்டுக்குள்ள விடாதீங்க.

சாய்ந்தமருது: அண்ணன், நோன்பு மாசம் சஹருக்கு எழும்பினா குசினியில எல்லாம் ஒண்டா ஓடும். இன்டக்சன் குக்கர், மைக்ரோவேவ், கேத்தல், பிரிட்ஜ். அப்பதான் ட்ரிப் விழுது. ஒவ்வொண்டாப் போட்டா ஒண்டும் இல்ல. எலக்ட்ரிசியன் ரெண்டு தரம் வந்து பார்த்துட்டு எல்லாம் சரி எண்டு போயிட்டார்.

உங்கட கேள்விதான் உண்மையான 'சும்மா விழுற' கேஸ். எலக்ட்ரிசியன் பொய் சொல்லல்ல. சாமான் ஒண்டும் பழுதில்லாமலே இப்பிடி நடக்கும்.

இன்டக்சன், மைக்ரோவேவ், இன்வேர்ட்டர் பிரிட்ஜ் இதுகளுக்குள்ள மின் இரைச்சலை வடிகட்ட எர்த்துக்குச் சின்னக் கெப்பாசிட்டர் போட்டிருப்பாங்க. அதால நல்ல சாமானும் கொஞ்சம் கசியும். ஒண்டு அரை மில்லி அம்பியர், இன்னொண்டு ரெண்டு, மூண்டு. பழைய கேத்தல் ஈர நாளில தன்ட பங்கைப் போடும். எல்லாம் கூடிப் பத்தைத் தாண்டி நிக்கேக்க பிரிட்ஜ் மோட்டர் எழும்பினாலே சுவிட்ச் விழுந்திரும். ஓடுற நிலையில நிக்கிற கசிவு சுவிட்ச்ட அளவில 30 வீதத்துக்குள்ள, அதாவது 9 மில்லி அம்பியருக்குள்ள இருக்க வேணும் எண்டு பிரித்தானிய வயரிங் விதி சொல்லுது. நம்மட வீடுகளில குசினி, கிணத்து மோட்டர், வெளி லைட், பாத்ரூம் ஹீட்டர் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு ட்ரிப் சுவிட்ச். என்னைக் கேட்டா மூல வருத்தமே அதுதான்.

மருந்து: குசினிக்குத் தனி லைன் எடுத்து, அதுக்குத் தனியா ஒரு 30 மில்லி அம்பியர் ஆர்சிபிஓ. பிரேக்கரும் ட்ரிப்பும் ஒண்டாச் சேர்ந்தது அது. பிரிட்ஜுக்கு இன்னொண்டு போட்டா இன்னும் நல்லம். ஆனா அந்த லைன் பழைய ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால இருந்து எடுபட வேணும். அதுக்குப் பின்னால போட்டா காசுதான் நட்டம், பழையது பழையபடி விழும். வாங்கேக்க 'ஏ' வகை கேளுங்க. மலிவா வாற 'ஏசி' வகைக்கு இன்டக்சன், இன்வேர்ட்டர் சாமான்கள்ட வெட்டுப்பட்ட கசிவு சரியாப் பிடிபடாது.

100 மில்லி அம்பியர் சுவிட்ச் மாத்திவிடுறன் எண்டு யாராவது வருவாங்க. விழாதுதான். அது நெருப்புப் பிடிக்காம இருக்கப் போடுறது, ஆளைக் காப்பாத்தாது.

காத்தான்குடி: எல்லாரும் படுத்த பிறகு நடுச்சாமத்தில விழுது. ஒருத்தரும் ஒண்டும் போடல்ல.

பிரிட்ஜ் நோ-ஃப்ரொஸ்ட் தானே? ஐஸ் உருக்கிற ஹீட்டர் ஒண்டு உள்ள இருக்கு, சில மணித்தியாலத்துக்கு ஒருக்கா அது தானா எரியும். அதில ஈரம் ஏறினா இப்பிடித்தான், ஆள் தேடினாலும் அம்பிடாது. ரெண்டு இரவு பிரிட்ஜைக் கழட்டி வைச்சுப் பாருங்க. மீனை ராத்தா வீட்டில குடுங்க.

ஆரையம்பதி: எல்லா சுவிட்சையும் ஓஃப் பண்ணிட்டன் அண்ணன், பிறகும் விழுது. பேயா?

பேயில்ல தம்பி, நியூட்ரல். பிளக் சுவிட்ச் லைனை மட்டும்தான் வெட்டும், ஒடுங்கின பிரேக்கரும் அப்பிடித்தான். எங்கயோ நியூட்ரல் வயர் எர்த்தில முட்டிக்கொண்டிருந்தா, சுவிட்ச் ஓஃபா இருந்தாலும் கரண்ட் அந்த வழியால ஓடும். பழுது கிரைண்டரில, ஆனா விழுறது அறையில அயன் பண்ணேக்க. அயன் பொக்ஸ்தான் பழி கேக்கும்.

அதால ஓஃப் பண்ணிக் காணாது, குசினி, ஹோல், கிணத்தடி எண்டு எல்லா பிளக்கையும் கழட்டுங்க. சுவிட்ச் நிண்டா ஒவ்வொண்டாக் குத்திப் போடுங்க, விழுத்தினவர் அவர்தான். எல்லாம் கழட்டியும் விழுந்தா வயரிங்கில இருக்கு. அது எலக்ட்ரிசியன்ட வேலை, நீங்க போர்ட்டைக் கழட்ட வேணாம். வெளி லைட்டையும், பிட்டு அவிக்கிற ஆவி நேரா அடிக்கிற பிளக்கையும் முதல்ல பார்க்கச் சொல்லுங்க. கடற்கரைப் பக்க வீடுகளில பிளக்குக்குள்ள உப்புப் படியும், பல்லியும் எறும்பும் குடியிருக்கும்.

அக்கரைப்பற்று: மழைக்காலம் முடியும் மட்டும் ட்ரிப் சுவிட்சை விட்டுட்டு கரண்டை டிரெக்ட் பண்ணி வைக்கலாமா?

வேணாம்.

பொத்துவில்: நாங்க கெஸ்ட் ஹவுஸ் நடத்துறம். டெஸ்ட் பொத்தானை அமத்தினா விழுது. அப்ப எர்த்தும் சரிதானே?

இல்ல. அந்தப் பொத்தான் சுவிட்சுக்குள்ள இருக்கிற ஒரு ரெசிஸ்டரால கரண்டைக் கசிய விட்டு, சுவிட்ச் வேலை செய்யுதா எண்டு மட்டும் பார்க்கும். எர்த் கம்பி துருப்பிடிச்சு அறுந்திருந்தாலும் பொத்தான் விழுத்தும். உங்கட பக்கம் மணல், வெயில் காலத்தில காய்ஞ்சா எர்த் தடை ஏறிடும். தொட்டா ஆபத்தில்லாத எல்லை எண்டு எடுக்கிற 50 வோல்டை 0.03 அம்பியரால பிரிச்சா 1,667 ஓம் வரும். கணக்குக்கு அது வரைக்கும் சுவிட்ச் வேலை செய்யும், ஆனா 200 ஓமைத் தாண்டின எர்த்தை நம்பேலாது. ஒரு கம்பி போதாட்டி ஈரமண் வரைக்கும் ஆழமா இறக்க வேணும், இல்லாட்டி தள்ளி இன்னொண்டு அடிச்சு இணைக்க வேணும். வெயில் காலத்திலதான் அளக்கச் சொல்லுங்க, மழையில எல்லா எர்த்தும் நல்லாக் காட்டும். பொத்தானை ஆறு மாசத்துக்கு ஒருக்காவாவது அமத்துங்க. உப்புக் காத்தில நான் எண்டா மாசத்துக்கு ஒருக்கா அமத்துவன்.

ரொறொன்ரோ (ஊர் மண்டூர்): இங்க குசினி பிளக்கிலயே ரெண்டு பொத்தான் இருக்கு மாமா. மிக்ஸியைப் போட்டா அடிக்கடி விழுது. ஊரிலயும் இது போலப் பூட்டலாமா?

அங்க அளவு வேற மகள். கனடா, அமெரிக்காவில அந்த பிளக் 4க்கும் 6 மில்லி அம்பியருக்கும் இடையில விழும், எங்கட 30ஓட பார்த்தா சரியான கூர்மை. அதால பழைய மோட்டர் மிக்ஸி, நீளமான எக்ஸ்டென்சன் வயர் ரெண்டும் அங்க கூடக் கரைச்சல் குடுக்கும். முதல்ல எக்ஸ்டென்சனை எடுத்துட்டு நேரா குத்திப் பாருங்க. ஊருக்குக் கொண்டு வராதீங்க, அது 120 வோல்டுக்குச் செய்தது, இங்க 230. மிக்ஸியும் அப்பிடித்தான், வீட்டில யாரும் கேட்டா இங்கயே வாங்கிக் குடுங்க.