ரிமோட்டில் வெள்ளைப் பொடி: வினிகர் போடலாமா?

அல்கலைன் பேட்டரி என்றால் போடலாம், ஆனால் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். உங்கள் ரிமோட்டில் பூத்திருப்பது, அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் காற்றுபட்டு மாறிய பொடி. ஈரம் இருந்தால் தோலைப் புண்ணாக்கும். கையுறை போட்டு, பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். கண் பக்கம் கை போகவே கூடாது.

பழைய பேட்டரியையும் புதியதையும் சேர்த்துப் போட்டிருப்பீர்கள். தீர்ந்த பேட்டரிக்குள் மின்சாரம் தள்ளப்படும்போது வாயு உண்டாகி, கசிகிறது. கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் மல்ட்டிமீட்டர் (மின்னழுத்தம் அளக்கும் கருவி) வாங்கி அளந்து பாருங்கள்: புதியது 1.5 வோல்ட்டுக்குக் குறையாது, 1 வோல்ட்டுக்குக் கீழே போனால் தீர்ந்தது.

பேட்டரியில் ‘ஹெவி டியூட்டி’ என்றிருந்தால் கசிவு அமிலம். வினிகர் வேண்டாம், சமையல் சோடாவைக் குழைத்துத் துடையுங்கள்.

கசிந்ததைத் தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பேட்டரி போடும் மின்கழிவுப் பெட்டியில் சேருங்கள். எரிக்காதீர்கள், வெடிக்கும்.