இடது டயரை மட்டும் தின்பது எது?

வண்டிப் பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அல்சூரில் இருக்கிறேன். ஓசூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காய்கறியும் பூவும் ஏற்றி வந்து கே.ஆர். மார்க்கெட்டில் இறக்குவதற்குச் சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். தோட்டத்து மண்பாதையில் அடிப்பாகம் இடித்ததால், 215/75 ஆர் 15 அளவு டயர்களைக் கழற்றிவிட்டு 235/75 ஆர் 15 போட்டேன். போட்டுக் கொடுத்தவர் முன்பக்கத்தில் ஸ்பிரிங் போல வேலை செய்யும் முறுக்குக் கம்பியாகிய டார்ஷன் பாரை முறுக்கி உயர்த்தி, சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் தடித்த வளையமான ஸ்பேசரும் வைத்தார். மீட்டர் கணக்கில் 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது; அதற்குள் இடது முன் டயரின் வெளி ஓரம் வழுக்கையாகிவிட்டது. வலது டயர் நன்றாகவே இருக்கிறது. மூன்று முறை வீல் அலைன்மெண்ட், அதாவது சக்கரக் கோணங்கள், பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எல்லா எண்களும் பச்சையில் இருப்பதாகத் தாள் கொடுத்தார்கள். அறுபதைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. என்ன செய்வது?
(ஓர் அன்பர், அல்சூர், பெங்களூரு)

பதில்: நான்காவது முறையாக அலைன்மெண்டுக்கு இப்போதே போகாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது: தேய்ந்தது இடது டயர் மட்டும், அதிலும் வெளி ஓரம் மட்டும்.

முன் சக்கரங்கள் இரண்டும் டை ராடால் பிணைக்கப்பட்டவை. டோ எனப்படும் கோணம், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்பகுதி உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, தவறினால் ஓடும்போது அந்தத் தவறை இரு சக்கரங்களும் ஏறக்குறைய சமமாகப் பங்கிட்டுக் கொள்ளும். ஆகவே இரண்டு டயர்களும் தேயும். அது கொடுமையான தேய்மானம்தான்: சக்கரம் ஒரு டிகிரி விலகி நின்றால், வண்டி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் டயர் பதினேழு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுவதற்குச் சமம். ஆனால் உங்கள் வலது டயர் நன்றாக இருப்பதால், நான் முதலில் சந்தேகப்படுவது டோவை அன்று; இடது சக்கரம் நிற்கும் சாய்வாகிய கேம்பரையும், அந்தச் சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகளில் உள்ள ஆட்டத்தையுமே சந்தேகப்படுகிறேன்.

இதை உங்கள் உள்ளங்கையே உறுதிசெய்யும். வண்டியை நிறுத்தி, சக்கரத்தைத் திருப்பி வைத்து, டயர் பட்டன்களின் குறுக்கே வெளியிலிருந்து உள்ளாக ஒருமுறையும், உள்ளிருந்து வெளியாக ஒருமுறையும் தடவுங்கள். மீன் செதிலைத் தடவுவது போல ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் கையைக் கிழிப்பதாக இருந்தால் அது டோவின் வேலை; உள்ளிருந்து வெளியாக வரும்போது குத்தினால் சக்கரங்கள் அளவுக்கு மீறி உள்நோக்கியிருக்கின்றன, வெளியிலிருந்து உள்ளாகப் போகும்போது குத்தினால் வெளிநோக்கியிருக்கின்றன. இரு திசையிலும் ஒரே மாதிரி மழமழவென்று ஓரம் மட்டும் சரிந்திருந்தால் அது கேம்பர். கலாசிபாளையத்தில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் நான் அலைன்மெண்ட் தாளை நீட்டியபோது அவர் அதை வாங்கவே இல்லை, குந்தி உட்கார்ந்து டயரைத் தடவிவிட்டு, "சார், இந்தப் பக்கம் எவ்வளவு ஏத்தினீங்க?" என்று மட்டும் கேட்டார்.

உங்களிடமும் அதையே கேட்கிறேன். டார்ஷன் பாரை முறுக்கி முன்பக்கத்தை உயர்த்தும்போது சக்கரத்தின் மேற்பகுதி வெளிப்புறம் சாயும். அப்போது பாரம் டயரின் வெளி ஓரத்தில் விழும். இரு பக்கமும் சம அளவில் முறுக்கப்படாவிட்டால் அதிகம் உயர்ந்த பக்கம் அதிகம் சாயும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்த பிறகு, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் இருபுறமும் அளந்து பாருங்கள். இடது பக்கம் கூடுதலாக இருந்தால் முதலில் இறக்க வேண்டியது அதைத்தான். உயரத்தை மாற்றிய பிறகு எடுக்கும் அலைன்மெண்டுக்கே மதிப்பு உண்டு.

அடுத்து ஆட்டம். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, டயரை மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். லொடலொடவென்றால், உதவிக்கு ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள்: ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் சக்கரத்தைத் தாங்கும் கண்ட்ரோல் ஆர்மின் பால் ஜாயிண்ட் அல்லது ரப்பர் புஷ். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்டு. பெரிய டயர் எடை கூடியது. அதை ஸ்பேசர் வேறு வெளியே தள்ளி வைத்திருக்கிறது. நீளமான கடப்பாரையால் நெம்புவது போல ஒவ்வொரு பள்ளமும் பேரிங்கையும் ஜாயிண்டையும் நெம்பியிருக்கும். ஓசூர் ரோட்டிலும் மண்பாதையிலும் எத்தனை பள்ளம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தாளில் பச்சை வந்ததன் மர்மமும் இதுவே. மிஷின் அளப்பது காலியாக, அசையாமல் நிற்கும் வண்டியை. ஆடும் மூட்டு அந்த நேரத்தில் நல்ல பிள்ளையாக ஓரிடத்தில் அமர்ந்திருக்கும்; ஓட்டத்தில் வேறிடம் போகும். மேலும் பல கடைகளில் டோவை மட்டும் திருகிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த முறை, சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த இரு அளவுகளையும் தாளில் கேளுங்கள். இடது வலது கேம்பர் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். இரண்டும் பச்சையாக இருந்தும் ஒன்று எல்லையின் மேல் ஓரத்திலும் மற்றது கீழ் ஓரத்திலும் இருக்கக்கூடும். டோவை மில்லிமீட்டரில் அளக்காமல் டிகிரியில் அளக்கச் சொல்வதும் நல்லது. விட்டம் மாறிய சக்கரத்தில் பழைய மில்லிமீட்டர் வேறு கோணத்தைக் காட்டும்.

நடுக்கத்திற்கு என் முதல் சந்தேகம் ஸ்பேசர். அதன் நடுத் துளை ஹப்பின் மேல் இறுக்கமாக உட்காராவிட்டால் சக்கரம் மையம் தவறிச் சுழலும்; எத்தனை பேலன்சிங் செய்தாலும் அது போகாது. அதைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். கழற்றிய பின் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, டயர் எங்கும் உரசவில்லை என்று பார்த்துக் கொள்ளுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: ஏற்கெனவே கோணலாகத் தேய்ந்த டயர், எல்லாம் சரியான பிறகும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். ஓரத்தில் நூல் தெரிந்தாலோ, பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தாலோ அந்த டயரைச் சாலையில் ஓட்டக் கூடாது.

கேள்வி: நானும் இதே அளவு டயர்தான் போட்டிருக்கிறேன். நான்கு டயரும் நடுவில் மட்டும் தேய்கின்றன. கதவில் ஒட்டியிருக்கும் காற்றளவைத்தான் வைக்கிறேன்.
(ஓர் அன்பர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு)

பதில்: கதவில் உள்ள அளவு பழைய டயருக்கானது. அகல டயரைக் குறுகிய ரிம்மில் போட்டாலும் நடுப்பகுதி உப்பிக்கொண்டு அங்கேதான் தேயும். ஆகவே உங்கள் ரிம் அகலத்திற்கு அந்த டயர் பொருந்துமா என்று டயர் நிறுவனத்தின் பட்டியலில் பாருங்கள். காற்றைச் சோதிக்கச் சாக்பீஸ் போதும். வழக்கமான பாரத்துடன், டயரின் குறுக்கே தடிமனாக ஒரு கோடு போட்டுச் சிறிது தூரம் நேராக ஓட்டுங்கள்: நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. இரண்டிரண்டு பவுண்டாகக் குறைத்துப் பாருங்கள். ஆனால் பாரத்தைத் தாங்கத் தேவையான அளவுக்குக் கீழே இறக்கிவிட வேண்டாம். பக்கச்சுவரில் உள்ள பாரக் குறியீட்டையும் பாருங்கள்: 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ, 105 என்றால் 925 கிலோ. பார்வைக்குப் பெரிய டயர் பழையதை விடக் குறைவாகத் தாங்குவதும் உண்டு.

கேள்வி: பெரிய டயர் போட்டால் டயர் மாற்றிப் போடும் கிலோமீட்டர் கணக்கும் மாறுமா?
(ஓர் அன்பர், விவேக் நகர், பெங்களூரு)

பதில்: மாறும். மேலே சொன்ன பழைய டயரின் விட்டம் ஏறக்குறைய 703 மில்லிமீட்டர், புதியது 733. நூற்றுக்கு நான்குக்குச் சற்று அதிகம். மீட்டர் 14,000 காட்டும்போது வண்டி உண்மையில் 14,600 ஓடியிருக்கும். ஆகவே மீட்டர் கணக்கில் சற்று முன்னதாகவே மாற்றிப் போடுங்கள். வேகமும் அப்படியே: முள் 60 காட்டினால் நீங்கள் 62-க்கு மேல் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருந்தால், அதைப் பின் அச்சில் ஒரு பக்கம் போட்டு நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். இரு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழன்று, இரண்டுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலைச் சூடாக்கும்.