தூண்டில் போடலாம், கரண்ட் போடக் கூடாது!

போன இதழில் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி 'எந்த முள் நல்லது' என்று கேட்டன, மீதிப் பாதி 'இதற்கெல்லாம் போலீஸ் பிடிக்குமா' என்று கேட்டன. முள் சமாச்சாரம் இன்னொரு நாள் ஆகட்டும், இந்தத் தடவை போலீஸ் கேள்விகள் மட்டும்.

கே: ரீல் வைத்த ராடு ஒன்று ஆன்லைனில் வாங்கிவிட்டேன். பவானிசாகர் அணையில் போய்ப் போடலாமா? லைசென்ஸ் எதுவும் வேண்டுமா? (வாசகர், கோபிசெட்டிப்பாளையம்)

ப: உங்கள் ராடைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். தண்ணீர் யாருடையது என்றுதான் கேட்பார்கள். நம் ஊரில் இதுதான் முதல் விதி, ஆனால் எந்த யூடியூப் வீடியோவிலும் இதைச் சொல்ல மாட்டார்கள். பெரிய அணைகளில் மீன் வளர்ப்பதும் பிடிப்பதும் மீன்வளத் துறை, மீன்வளர்ச்சிக் கழகம் இவர்கள் கையில் இருக்கிறது. ஊர்க் கண்மாயும் ஏரியும் ஏலம் போய் ஒருவர் குத்தகைக்கு எடுத்திருப்பார், குஞ்சு வாங்கி விட்ட காசு அவருடையது. அதனால் அணை என்றால் அங்கேயே இருக்கும் மீன்வளத் துறை அலுவலகத்திலும், கண்மாய் என்றால் குத்தகைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். நான் பதின்மூன்று வயதில் கேட்காமல் உட்கார்ந்தேன். குத்தகைக்காரரின் காவலாள் வந்து, ஒரு வாரம் சீவித் தேய்த்து வைத்திருந்த மூங்கில் கழியை முழங்காலில் வைத்து இரண்டாக முறித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை, அதுதான் ரொம்ப வலித்தது.

பவானிசாகரில் இன்னொன்றும் உண்டு. நீர்த்தேக்கத்தை ஒட்டியே சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். நல்ல இடம் தேடிக் கரையோரமாக நடந்துகொண்டே போய்க் காட்டுக்குள் நுழைந்துவிட்டால் அப்புறம் அது மீன் விவகாரம் இல்லை, வனத்துறை வழக்கு.

கே: என் மச்சான் பேட்டரி, இன்வெர்ட்டர் வைத்து வாய்க்காலில் மீன் பிடிக்கிறார். 'தோட்டா போட்டால்தான் தப்பு, இது தப்பில்லை' என்கிறார். நிஜமா? (வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்)

ப: மச்சானிடம் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள், அவர் உயிரோடு இருக்கும்போதே. அவர் ஒரு பழைய சட்டத்தைப் பாதி மட்டும் படித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் பிரபலம். நான்காவது, தண்ணீரில் வெடி வைத்து மீன் பிடிப்பது. ஐந்தாவது, விஷமோ சுண்ணாம்போ கலப்பது. இரண்டுக்கும் இரண்டு மாதம் வரை சிறை, அல்லது இருநூறு ரூபாய் வரை அபராதம் என்று அன்றைக்கு எழுதி வைத்தார்கள். அந்தக் காலத்து இருநூறு ரூபாய் சின்னத் தொகை இல்லை. வெடி வைப்பதற்கான தடை கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை கடலுக்கும் பொருந்தும். மின்சாரம் அந்தப் பிரிவுகளில் இல்லைதான், 1897-ல் எந்த வாய்க்கால் கரையில் இன்வெர்ட்டர் இருந்தது? ஆனால் எந்த வலை, எந்த முறை என்று விதி போடும் அதிகாரத்தை அதே சட்டத்தின் ஆறாவது பிரிவு மாநில அரசுக்குக் கொடுத்திருக்கிறது. அதனால் 'சட்டத்தில் இல்லை' என்ற வாதத்தை மச்சான் நம்பியிருக்க வேண்டாம்.

கரண்ட் என்ன செய்கிறது என்று பாருங்கள். நன்னீரில் உப்பு குறைவு, மீன் உடம்பில் அதிகம், அதனால் கரண்ட் தண்ணீரை விட மீனுக்குள் சுலபமாகப் பாய்கிறது. சதைகள் ஒரே நேரத்தில் வெட்டி இழுத்ததில் முதுகெலும்பே முறிந்துபோன மீனைச் சட்டியில் போடும்போது கவனித்திருப்பீர்கள், எலும்பை ஒட்டிக் கருரத்தம் கட்டியிருக்கும். மச்சான் அள்ளுவது மேலே மிதப்பதை மட்டும். அடியில் போய்ச் செத்தது, சினை, தவளை எல்லாம் கணக்கில் வராது. வாய்க்காலில் கால் வைத்துக்கொண்டு அதைச் செய்யும் மனிதரும் அதே உப்புத் தண்ணீர் நிரம்பிய உடம்புதான்.

கே: எங்கள் ஊர்க் கண்மாயில் மீன்பிடித் திருவிழாவின்போது ஆயிரம் பேர் இறங்கிக் கையில் கிடைத்ததை வைத்துப் பிடிக்கிறோம். இதற்கும் விதி வந்துவிடுமா? (வாசகர், சிவகங்கை மாவட்டம்)

ப: விதி ஏற்கெனவே இருக்கிறதே, உங்கள் ஊர்ப் பெரியவர்கள் போட்டது! உங்களுக்குத் தெரியாததா என்ன, ஆனாலும் மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கோடையில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. நாள் குறித்துப் பக்கத்து ஊர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். விடியற்காலையில் கரை முழுக்க ஆள் நிற்கும், சாமி கும்பிட்டுப் பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருத்தர் கால் நனையாது. வீசினதும் ஊத்தா, கச்சா, கூடை, கைவலை, ஆளுக்கு ஒன்று. ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை. சேற்றில் குத்தி அமுக்கி, உள்ளே ஏதாவது மோதுகிறதா என்று பார்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். கெளுத்தியின் முள் குத்தினால் சாயங்காலம் வரை கை கடுக்கும், விராலாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு குத்துக்கு ஒரு மீன், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். பல ஊர்களில் அன்றைக்குப் பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும், அப்போதுதான் மழை பெய்யும் என்று நம்பிக்கை.

மழை பெய்கிறதோ இல்லையோ, எப்போது, எதை வைத்து, எவ்வளவு என்ற மூன்றையும் அரசாங்கத்துக்கு முன்னாலேயே யோசித்திருக்கிறார்கள். சமீப காலமாகச் சிலர் நீளமான நைலான் வலையோடு வந்து நாலு பேராக இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களைக் கரையிலேயே நிறுத்துங்கள். வலையைப் பார்த்த பிறகு துண்டு வீசினால் போதும்.

கே: காவிரியில் மஹசீர் மீனைப் பிடித்து, போட்டோ எடுத்து, உடனே விட்டுவிட்டால் என்ன தப்பு? (வாசகர், தருமபுரி)

ப: இதில் எனக்கே இரண்டு மனசு. 1946-ல் கபினியில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்த மஹசீர் 120 பவுண்டு, அதாவது ஐம்பத்து நாலு கிலோ. அந்தக் கூன் முதுகு மஹசீரை 2018-ல் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கர்நாடகப் பக்கம் பீமேஸ்வரியிலும் காலிபோரிலும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து பிடித்துத் திரும்ப விடும் முகாம்கள் இருந்தன, அவை சரணாலயத்துக்குள் என்பதால் நிறுத்தப்பட்டன. முகாம் ஆட்கள் இருந்தவரை தோட்டா போடுகிறவன் அந்தப் பக்கம் வரவில்லை என்று தூண்டில்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கேட்டது சட்டம். சரணாலயத்துக்குள் பிடித்து விடுவதும் பிடிப்பதுதான். ஒகேனக்கல்லைச் சுற்றிய காடுகள் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம், அங்கே ராடோடு போகாதீர்கள்.

கே: தடைக்காலத்தில் தூத்துக்குடி பாலத்தில் நின்று தூண்டில் போடலாமா? (வாசகி, தூத்துக்குடி)

ப: தாராளமாக. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்கும் இழுவலைக்கும்தான். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைப் பக்கம் அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கரையில் நின்று போடும் தூண்டிலுக்குத் தடை இல்லை. துறைமுக எல்லைக்குள் மட்டும் நிற்காதீர்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: திமிங்கலச் சுறா, ரம்பம் போல மூக்குள்ள வேளா, கடல் குதிரை, கடல் அட்டை இவையெல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. தூண்டிலில் வேளாக் குட்டி வந்துவிட்டால் போட்டோவுக்குக்கூடத் தூக்க வேண்டாம், தூண்டில் நரம்பை வெட்டி விடுங்கள்.

கே: லண்டனுக்கு வந்து இரண்டு வருஷம். ஆற்றில் நாலு கிலோ கெண்டை பிடித்து வீட்டுக்கு எடுத்து வந்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் கத்து கத்தென்று கத்தினார். பிடித்த மீனைத் தின்பது குற்றமா? (வாசகர், லண்டன்)

ப: மன்னிக்கவும், அவர் கத்தியதில் தப்பில்லை. இங்கிலாந்தில் விதிகள் நம் ஊரைப் போல் தண்ணீரோடு நிற்பதில்லை, உங்கள் பை வரை வருகின்றன. 13 வயது ஆன எல்லோருக்கும் ராடு லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம். அந்த லைசென்ஸ் இருந்தாலும் தண்ணீர் எந்த கிளப்புடையதோ அவர்களிடம் தனியாக டிக்கெட் வாங்க வேண்டும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் கெண்டை வகைகளுக்குத் தூண்டில் போடவே கூடாது. அப்புறம்தான் உங்கள் கேள்வி. ஆற்றிலிருந்து ஒருவர் ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டர் வரை உள்ள சின்ன மீன்கள் பதினைந்து எடுக்கலாம், பைக் என்ற மீன் 65 சென்டிமீட்டருக்குள் ஒன்று எடுக்கலாம். நாலு கிலோ கெண்டை அந்தப் பதினைந்தில் வராது. விலாங்கு ஒன்றுகூட எடுக்கக் கூடாது. ஏரி, குளம் என்றால் உரிமையாளர் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

ஏன் இவ்வளவு என்று தோன்றும். அங்கே கெண்டையைக் கறிக்கு என்று யாரும் பார்ப்பதில்லை. பீட்டர்பரோ பக்கத்தில் பென்சன் என்று ஒரு கெண்டை இருந்தது, கிட்டத்தட்ட 29 கிலோ, அறுபது தடவைக்கு மேல் பிடித்து விட்டிருக்கிறார்கள், 2009-ல் அது செத்தபோது செய்தித்தாளில் வந்தது. பெயர் வைத்த மீனைக் குழம்பு வைக்க எடுத்துப் போனால் கத்தாமல் என்ன செய்வார்?

உங்கள் பெட்டியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நம் ஊரிலிருந்து கொண்டு போன ஈயக்குண்டு அங்கே 1987-லிருந்து தடை, 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட எடையில் ஈயம் கூடாது. கரையில் சிந்தியதை அன்னங்கள் கூழாங்கல் என்று விழுங்கிச் செத்ததுதான் காரணம். மீன் அள்ளும் வலையில் முடிச்சு இருக்கக் கூடாது, செதில் உரியும். ராடை நட்டு வைத்துவிட்டு டீ குடிக்கப் போவதும் குற்றம். 1975-ஆம் வருஷச் சட்டத்தில் ஈட்டி, கண்ணி, இரவு விளக்கு இவற்றோடு மீனைக் கல்லால் அடிக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். யாரோ அடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இது யாருக்குத் தோன்றும்!

கே: சிங்கப்பூர் நீர்த்தேக்கத்தில் மண்புழு போடலாமா? (வாசகர், சிங்கப்பூர்)

ப: கூடாது. அது குடிதண்ணீர். குறித்த இடத்தில் மட்டும், செயற்கை இரையோடு மட்டும். ரப்பர் புழுவுக்கும் மீன் ஏமாறும், கவலைப்படாதீர்கள்.

கே: விராலுக்கு உயிருள்ள தவளையை முள்ளில் மாட்டுகிறார்களே? (வாசகர், திண்டிவனம்)

ப: வயல் தவளை வன உயிரினச் சட்டப் பட்டியலில் இருக்கிறது. சிங்கப்பூர்க்காரருக்குச் சொன்ன பதில்தான், ரப்பர் தவளை வாங்குங்கள். இன்னொரு விஷயம் சட்டத்தில் இல்லை, ஆனால் கேளுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் மேலே சிவப்பாக, கைக்குட்டை அகலத்துக்கு நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள் கொத்தாகப் புரண்டு மூச்சு விடும். அதற்கு நேர் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கொத்தின் மேல் தவளையை வீசினால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை விரால் வந்து கவ்வும், பசிக்கு இல்லை, கோபத்துக்கு. அப்புறம் ஒரு மணி நேரத்தில் கொக்கும் மற்ற மீனும் சேர்ந்து குஞ்சுகளைத் தீர்த்துவிடும். நான் ஒரு தடவை செய்து, உட்கார்ந்து பார்த்தேன்.

கே: ஏரியில் முழ நீளத்துக்கு மீசை வைத்த ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டியது. திரும்ப விட்டேன், சரிதானே? (வாசகர், செங்கல்பட்டு)

ப: இந்த ஒன்றைத்தான் விடக் கூடாது! வளர்ப்பதற்கே தடை செய்யப்பட்ட மீன் அது, நாட்டு மீன் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். அடுத்த தடவை மாட்டினால் கரையிலேயே தலையில் ஒரு போடு போட்டு எடுத்து வந்துவிடுங்கள். சமைக்க நல்லா இருக்குமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பிடிக்காது, மண் வாடை. எங்கள் தெருப் பூனைக்குப் பிடிக்கிறது.