கவுன்சில் வீட்டைத் திருத்த எந்தப் பையிலிருந்து காசு வரும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், வீட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இம்முறை வந்த கேள்விகளில் பாதி 'காசு' பற்றியவை. கீழே இருப்பதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் இருப்பவர்கள் இதை நம்பிக் கடிதம் எழுத வேண்டாம், அங்கே விதிகள் வேறு.

கவுன்சில் டாக்ஸ் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறேன் அக்கா. பின்கதவு ஊதிப்போய்ச் சாத்த முடியாமல் மூன்று மாதமாகக் கிடக்கிறது. என் டாக்ஸ் காசு எங்கேதான் போகிறது?

குப்பை அள்ள, முதியோர் பராமரிப்புக்கு, நூலகத்துக்கு என்று போகிறது. உங்கள் கதவுக்கு அது வராது. கவுன்சிலிடம் இரண்டு பைகள் உண்டு. டாக்ஸ் விழுவது பொதுப் பையில். வீட்டு வாடகை விழுவது 'ஹவுசிங் ரெவின்யூ அக்கவுன்ட்' என்ற தனிப் பையில். ஒன்றை மற்றதோடு கலக்கக் கூடாது என்று 1989ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2012 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு கவுன்சிலும் தன் வாடகையைத் தானே வைத்துக்கொண்டு, பழுது, பராமரிப்பு, பழைய கடனுக்கு வட்டி எல்லாவற்றையும் அதிலேயே சமாளிக்க வேண்டும்.

ஆகவே உங்கள் கதவுக்கான காசு உங்கள் வாடகைதான், அயலவரின் வாடகையும் சேர்த்து. அந்தப் பை ஏன் மெலிந்தது? 2016 முதல் நான்கு ஆண்டுகள் வாடகையை ஆண்டுக்கு 1% குறைக்கும்படி அரசு கட்டளையிட்டது. 2023இல் விலைவாசி எகிறியபோது வாடகை உயர்வை 7%க்கு மேல் போகவிடவில்லை. குடியிருப்பவர்களுக்கு நல்லதுதான், ஆனால் கூரையும் லிஃப்டும் அதே பையை நம்பித்தான் நிற்கின்றன.

இதெல்லாம் உங்கள் கதவுக்குச் சாக்கு இல்லை. வெளிக்கதவு பழுதுபார்ப்பு, மேம்பாடு அல்ல. 1985ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர், வாடகைக்காரர் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி கட்டிடத்தின் அமைப்பும் வெளிப்புறமும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. அடுத்த கடிதத்தில் டாக்ஸைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். 'பழுதுபார்ப்பு' என்று தலைப்பிட்டு, முதலில் அறிவித்த தேதியை எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 'முறைப்பாடு' என்ற சொல்லைப் போட்டே எழுதுங்கள். முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டதிலிருந்து 10 வேலை நாட்களில் முதல் கட்டப் பதில் வர வேண்டும். இரண்டாம் கட்டத்துக்கு 20 வேலை நாட்கள். அதற்கும் சரிவரவில்லையா, வீட்டு முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் ஹவுசிங் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை.

எங்கள் குசினி போட்டு 24 வருடம். 20 வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும் என்று சிநேகிதி சொல்கிறாள். உண்மையா?

பாதி உண்மை. 2000ஆம் ஆண்டில் வந்த 'டீசன்ட் ஹோம்ஸ்' என்ற வீட்டுத் தரத்தில் குசினிக்கு 20 வருடம், குளியலறைக்கு 30 வருடம் என்ற கணக்கு இருக்கிறது. ஆனால் ஆறு அம்சங்கள் கொண்ட பட்டியலில் மூன்றோ அதற்கு மேலோ குறைந்தால்தான் நவீன வசதியில்லாத வீடு என்று கணக்கு. குசினி மட்டும் பழசு என்றால் வீடு தேறிவிடும். நான் வேலையில் இருந்தபோது வாசலில் நின்று இதை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன், ஒருவரும் சந்தோஷமாகக் கேட்டதில்லை.

உங்கள் வீதியில் குசினி மாற்றுவது எந்த ஆண்டு என்று கவுன்சிலின் திட்டப் பட்டியலில் இருக்கும். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டால் கவுன்சில் 20 வேலை நாட்களில் பதில் தர வேண்டும். கவுன்சில் போலவே சமூக வீடுகளை வாடகைக்கு விடும் ஹவுசிங் அசோசியேஷன்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

பிள்ளையின் அறையில் பூஞ்சணம். ஆள் வந்து பார்த்துவிட்டு, 'சமைக்கும்போது யன்னலைத் திறவுங்கள்' என்று சொல்லிப் போய்விட்டார். நிதி வந்ததும் பார்ப்பார்களாம்.

நிதி வரும்வரை காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை இது. ரொச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டிலிருந்த பூஞ்சணம்தான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அந்தப் பிள்ளையின் பெயரில் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடல்நலத்துக்குக் குறிப்பிடத்தக்க ஆபத்தான ஈரமும் பூஞ்சணமும் என்றால் 10 வேலை நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும். விசாரணை முடிந்து 3 வேலை நாட்களில் எழுத்தில் முடிவு, 5 வேலை நாட்களில் ஆபத்தை நீக்கும் வேலை. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடியான, குறிப்பிடத்தக்க ஆபத்து என்றால் 24 மணி நேரம். அதற்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க முடியாவிட்டால் தங்க வேறு இடம் தர வேண்டும்.

உங்களிடம் அந்த எழுத்து அறிக்கை இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதைக் கேளுங்கள். பிள்ளைக்கு இழுப்பு இருந்தால் அதையும் எழுதுங்கள், ஆபத்தை அந்த வீட்டில் இருப்பவரின் நிலையைப் பார்த்துத்தான் எடைபோட வேண்டும். நம்முடைய சமையலைக் குற்றம் சொல்லுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவித்த புட்டுக்கு இவ்வளவு சக்தி இருந்தால் அடுத்த அறைச் சுவரும் கறுத்திருக்க வேண்டுமே.

பக்கத்துத் தெருவில் சுவருக்குக் குளிர்காப்பு போடுகிறார்கள். 'வார்ம் ஹோம்ஸ்' காசாம். நான் விண்ணப்பிக்கலாமா?

முடியாது. சமூக வீடுகளுக்கான அந்த நிதிக்குக் கவுன்சிலும் ஹவுசிங் அசோசியேஷனும்தான் விண்ணப்பிக்கலாம். அந்த நிதியின் மூன்றாம் சுற்றில் செலவின் பாதியையாவது அவர்களே போட வேண்டும். அந்தப் பாதி மறுபடியும் வாடகைப் பைதான், அதனால் ஆற்றல் திறன் மதிப்பீடு மோசமான தெருக்களை முதலில் எடுப்பார்கள். வாசலில் வந்து படிவம் நீட்டுகிறவர்களிடம் வங்கி விபரம் கொடுக்காதீர்கள்.

'ரைட் டு பை'யில் பிளாட் வாங்கி எட்டு வருடம். கூரை மாற்ற 28,000 பவுண் கேட்டுக் கடிதம். தூக்கமில்லை.

ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு மேலே படியுங்கள். 'ரைட் டு பை' என்பது வாடகைக்காரர் தன் கவுன்சில் வீட்டை வாங்கும் உரிமை. வாங்கிய பிறகு நீங்கள் லீஸ்ஹோல்டர், அதாவது நீண்டகாலக் குத்தகைக்காரர். கட்டிடச் செலவில் உங்கள் பங்கை வாடகைக்காரரின் பையிலிருந்து கட்ட மாட்டார்கள். வாங்கி ஐந்து வருடத்துக்குள் என்றால் கவுன்சில் உங்களுக்கு விற்கும்போது தந்த செலவு மதிப்பீடு உங்களைக் காப்பாற்றியிருக்கும். எட்டு வருடத்துக்கு அது இல்லை.

மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, ஒருவரின் பங்கு 250 பவுணைத் தாண்டினால் அதே 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும். செய்யாவிட்டால், தீர்ப்பாயம் விலக்கு அளித்தால் ஒழிய, 250 பவுணுக்கு மேல் வாங்க முடியாது. பழைய தபால்களைக் கிளறிப் பாருங்கள், நம் வீடுகளில் ஆங்கிலக் கடிதம் பிரிக்காமலே லாச்சிக்குள் போய்விடும். இரண்டாவது, செலவு ஏற்பட்டு 18 மாதத்துக்குள் பில்லோ எழுத்து அறிவித்தலோ வந்திருக்க வேண்டும்.

மூன்றாவதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். இந்த வேலையில் மத்திய அரசின் உதவிப் பணம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஃபுளோரி போர்ன் என்ற 93 வயது மூதாட்டிக்குக் கூரைக்காக ஏறக்குறைய 50,000 பவுண் பில் வந்தது. அவர் பெயரால் அழைக்கப்படும் 2014ஆம் ஆண்டு விதிப்படி, குறிப்பிட்ட சில அரசு நிதிகள் கலந்த வேலை என்றால் ஐந்து வருடத்தில் லண்டனில் 15,000, வெளியே 10,000 பவுணுக்கு மேல் கேட்கக் கூடாது. முழுக்க முழுக்கக் கவுன்சிலின் சொந்தக் காசு என்றால் இந்த உச்சவரம்பு இல்லை.

ஒன்றும் பொருந்தவில்லையா? தவணை கேளுங்கள். வட்டியில்லாத தவணை தரும் கவுன்சில்களும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். தொகை நியாயமில்லை என்று பட்டால் தீர்ப்பாயம் இருக்கிறது.

அம்மாவால் பாத்டப்புக்குள் கால் தூக்கி வைக்க முடியவில்லை. ஷவர் அறையாக மாற்ற யார் காசு தருவார்கள்?

கவுன்சிலின் சமூகப் பராமரிப்புப் பிரிவை அழைத்து ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்வதில் உள்ள சிரமத்தைப் பார்க்கும் நிபுணர்) மதிப்பீடு கேளுங்கள். கவுன்சில் வீடு என்றால் பெரும்பாலும் வாடகைப் பையிலிருந்தே செய்வார்கள். ஹவுசிங் அசோசியேஷன் வீடு என்றால் ஊனமுற்றோர் வசதி மானியம், உச்சம் 30,000 பவுண். நீங்களே ஆள் பிடித்துச் செய்துவிட்டுப் பில்லைக் கொடுத்தால் ஒரு பென்னிகூட வராது.

புதுக் குசினி போட்டால் வாடகை ஏறுமா?

அதற்காக ஏறாது. சமூக வாடகை ஒரு சூத்திரத்தில் வருவது. அதற்கு எடுக்கும் வீட்டுப் பெறுமதி, நம்ப மாட்டீர்கள், 1999 ஜனவரி விலை. ஏப்ரலில் பொதுவாக ஏறக்கூடியது விலைவாசி உயர்வும் அதன்மேல் 1 சதவீதமும். குசினி புதிதோ பழையதோ, எல்லோருக்கும் அந்தக் கணக்குத்தான்.