செலவா, செலவினமா?

அன்புள்ள அண்ணன்,

எங்கள் கமக்காரர் அமைப்பின் கணக்கறிக்கையில் 'இவ்வருடச் செலவீனம்' என்று தலைப்புப் போட்டிருந்தேன். கூட்டத்தில் ஒருவர் எழும்பி, அப்படியொரு சொல்லே இல்லை, 'செலவினம்' என்றுதான் வரவேண்டும் என்றார். இன்னொருவர் 'செலவு' என்றாலே போதுமே என்றார். எது சரி?

ஆர்., களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

எழும்பிய இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். செலவினம் என்பது செலவு + இனம். வாய்க்கால் துப்புரவு ஓர் இனம், கூட்டச் சாப்பாடு இன்னோர் இனம். வரவு செலவுத் திட்டத்தில் மீண்டெழும் செலவினம், மூலதனச் செலவினம் என்று பிரிப்பதும் இந்தப் பொருளில்தான். ஈனம் என்றால் இழிவு. செலவீனம் என்று எழுதினால் இழிவான செலவு என்றாகிவிடும். (கணக்கைக் கேட்டவர்களில் சிலருக்கு அப்படித் தோன்றியிருந்தால் அது வேறு கதை.)

செலவு என்ற சொல் காசோடு பிறந்ததல்ல. செல்வது செலவு, அவ்வளவுதான். பழைய அகப்பாடல்களில் அதற்குப் பயணம் என்று பொருள். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் வாட்டத்தைப் பார்த்துப் போகாமல் தயங்கி நிற்பதைச் 'செலவழுங்கல்' என்பார்கள். காசு சம்பாதிக்கப் போவதுதான் அன்றைக்குச் செலவு! அப்புறம் காசுக்கே கால் முளைத்துவிட்டது. வருவது வரவு, போவது செலவு. வள்ளுவரும் வருமானம் வரும் வழியை ஆகாறு என்றும், அது போகும் வழியைப் போகாறு என்றும் சொல்கிறார் (குறள் 478). கடைக்காரர் வாங்க மறுக்கிற செல்லாக்காசிலும் இருப்பது இதே 'செல்'தான்.

நம்முடைய பக்கத்துப் பேச்சில் இது சிலவு. 'வெள்ளாமைக்கு எவ்வளவு சிலவு போச்சு?' என்று கேட்கிறோமே, சொல்லுக்குள்ளேயே இருக்கிற போதலை இன்னொரு தடவை சொல்கிறோம். உழவுக்கூலி, உரம், வெட்டுக்கூலி எல்லாம் கொடுத்துவிட்டு நிற்கிறவருக்கு ஒரு தடவை சொன்னால் காணாதுதான்.

சரி, அறிக்கைக்கு வருவோம். விவரப் பட்டியலுக்கு மேலே 'செலவினங்கள்' என்று போடுங்கள். அடியில் கூட்டித் தருகிற தொகைக்கு 'மொத்தச் செலவு' என்றே எழுதுங்கள், அங்கே இனம் எதற்கு? பேச்சிலும் கடிதத்திலும் செலவு போதும். நீளமான சொல்லால் கணக்குக்கு மரியாதை கூடுவதில்லை. இதற்காக அறிக்கையை மறுபடி அச்சடிக்க வேண்டாம், பேனையால் திருத்திவிடுங்கள்.